‘செமாலாம்’ என்றால் நேற்று

“மலேசியாவா? தமிழே போதும் அக்கா, கவலைப்படாதீர்கள்” என்று எனக்குச் சொன்னவர்கள் குறைந்தது பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கோலாலம்பூரில் இருந்த மூன்று நாளும் தமிழை வைத்தே ஓட்டினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் இட்லி சாப்பிட்டேன். மஸ்ஜித் இந்தியா பகுதியில் துணிக்கடைக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசினேன். பத்து மலையில் 272 படி ஏறும்போது பின்னால் வந்த ஓர் அம்மாள், என் முழங்கால் வலிக்கு என்ன தைலம் தடவ வேண்டும் என்று மேலே போய்ச் சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான்காம் நாள் இரவு பஸ் ஏறி, நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கும் கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாருவுக்குப் போனேன். அங்கே தமிழ் கிடையாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை 480 ரிங்கிட், அரை நாள், ஒரு விரல் நுனியின் தோல். ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய் என்று தோராயமாக வைத்தாலும் ஒன்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிற ஒரு சிறு கடைக்காரிக்கு அது ஒரு வாரத்துக் கவலை.

கோத்தா பாருவுக்குப் போக எனக்குக் காரணம் இருந்தது. துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது எங்கள் தொழில். துணியில் மெழுகால் கோடு இழுத்துச் சாயம் ஏற்றுவது அவர்களுடையது. அந்த பாத்திக் வேலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. கூட வர யாருக்கும் நேரம் இல்லை. சரி, தனியாகவே போகலாம், பாஷையை மட்டும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம் என்று கைபேசியில் ஒரு மொழிச் செயலியை இறக்கினேன். அதில் மலாய் இல்லை, இந்தோனேசிய மொழிதான் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ சொல்ல, நாற்பது நாள், தினமும் கடை மூடிய பிறகு உட்கார்ந்து படித்தேன். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், இலக்கணமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பயணிக்கு அன்றாடம் தேவைப்படுகிற சொற்கள்தான் வேறாகிப் போயிருக்கின்றன. இந்தோனேசியாவில் ‘முடியும்’ என்பதற்கு ‘பிசா’ என்பார்கள். மலேசியாவில் அதற்கு ‘போலே’. அங்கே ‘பிசா’ என்றால் நஞ்சு, நம் விஷத்தின் உறவுக்காரச் சொல். ‘பெர்ச்சூமா’ என்று மலேசியக் கடையில் எழுதியிருந்தால் இலவசம். இந்தோனேசியாவில் அதற்கு வீண் என்று பொருள். எண்களில்கூட எட்டு அங்கே ‘டெலாப்பான்’, இங்கே ‘லாப்பான்’. ஆகவே நீங்கள் பார்க்கிற புத்தகமோ செயலியோ எந்த நாட்டுக்கானது என்று முதலில் பாருங்கள். கழிப்பறைக்கு ‘தண்டாஸ்’ என்றும், காருக்கு ‘கெரேத்தா’ என்றும் இருந்தால் அது மலேசியாவுக்கானது. ‘மோபில்’ என்று இருந்தால் மூடி வைத்துவிடலாம்.

இந்த ‘கெரேத்தா’வுக்குப் பிறகு வருகிறேன். முதலில் டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்த கதை. காலையில் கோத்தா பாருவில் இறங்கி, கைபேசியில் கார் அழைத்து ஏறினேன். தங்குமிடம் இருந்த தெருவைத் தாண்டி வந்துவிட்டோம் போலிருக்கிறது. டிரைவர் கையை நெற்றிக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, “பூசிங், பூசிங்” என்றார். நான் படித்த பாடத்தில் ‘பூசிங்’ என்றால் தலைசுற்றல். கையும் தலைக்குப் பக்கத்தில்தான் சுற்றியது. பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கைகாட்டி, என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மரியாதைக்கு ஒரு மிடறு குடித்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். மலேசியாவில் ‘பூசிங்’ என்றால் திரும்புவது. பாவம், அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார், எனக்குத்தான் ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்திருப்பார்.

தங்குமிடத்து அம்மாள் அன்பானவர். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, “சுஆமி மானா?” என்று கேட்டார். ‘மானா’ என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். சுவாமி எங்கே என்கிறார், எந்தக் கோயில் ஊர்க்காரி என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று மனம் குளிர்ந்து, “மதுரை! மீனாட்சி!” என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். ‘சுஆமி’ என்றால் மலாயில் கணவர் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அதுவரை அந்த வீட்டில் என் கணவர் பெயர் மீனாட்சி. தமிழருக்கு மலாய் எளிது என்று சொல்வார்கள். கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘காப்பால்’, கட்டிலுக்கு ‘காத்தில்’, பெட்டிக்கு ‘பெத்தி’, கோயிலுக்கு ‘குயில்’, குளத்துக்கு ‘கோலாம்’. எல்லாம் நம்மிடமிருந்து போனவை. வடமொழி வழியாக வந்த ‘நாமா’, ‘ராசா’, ‘பாஹாசா’ எல்லாம் பெயர், சுவை, மொழி என்று நாமே ஊகித்துவிடலாம். இந்த ஊகம்தான் ஆபத்து. தெரியாத சொல்லாக இருந்தால் கேட்டிருப்பேன். தெரிந்த முகத்தோடு வந்ததால் கேட்கவில்லை. சொந்தக்காரன் மாதிரி இருக்கிறான் என்று வழியில் போகிறவனைத் தோளில் தட்டுவது போலத்தான் இது.

அன்று மாலை சித்தி கதீஜா சந்தைக்குப் போனேன். கோத்தா பாரு போகிறவர்கள் எதைத் தவறவிட்டாலும் அதைத் தவறவிடக் கூடாது. நபிகள் நாயகத்தின் மனைவி கதீஜா அம்மையார் வணிகம் செய்தவர், அவர் பெயரைத் தாங்கிய அந்தச் சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கீழே காய்கறியும் மீனும் பலகாரமும், மேல் மாடிகளில் துணி. காய்க்குவியல்களுக்கு நடுவே மேடை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து வியாபாரம் செய்கிற அந்த அம்மாள்களைப் பார்த்ததும் எனக்கு மதுரைக்கே திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. மாடியில் ஒரு கடையில் அச்சிட்ட சாரோங் துணி ஒன்று கண்ணில் பட்டது. “பெராப்பா?” என்றேன். எவ்வளவு என்று கேட்கத் தெரியும், நாற்பது நாள் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். பதில் “லாப்பே பெலாஹ்” என்று வந்தது.

லாப்பானில் பாதி காதில் விழுந்தது, எட்டு. ‘பெலாஹ்’ என்பது என் பாடத்தில் இல்லை. எட்டு ரிங்கிட்டாக இருக்காது, அப்படியானால் எண்பதுதான் என்று முடிவு கட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, “மாஹால்” (விலை அதிகம்) என்றேன். கைபேசியில் 60 என்று அடித்துக் காட்டி மூன்று இருபது ரிங்கிட் தாளை நீட்டினேன். நான் கடைக்காரி, பேரம் பேசாமல் வாங்கினால் தூக்கம் வராது. அந்த அம்மாள் தாள்களைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடை அம்மாளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஆரஞ்சு நிறத் தாளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் என் கைக்குள் வைத்து மூடி, அதன் மேல் நீல நிற ஒரு ரிங்கிட் தாள் இரண்டை வைத்தார். விலை பதினெட்டு. நான் அறுபதுக்குப் பேரம் பேசியிருக்கிறேன். வேறு ஊரில், வேறு கையில் அகப்பட்டிருந்தால் அந்த 42 ரிங்கிட்டும் கணக்கில் சேர்ந்திருக்கும்.

பதினொன்று முதல் பத்தொன்பது வரை ‘பெலாஸ்’, இருபது முதல் தொண்ணூறு வரை ‘பூலோ’. லாப்பான் பெலாஸ் பதினெட்டு, லாப்பான் பூலோ எண்பது. புத்தகத்தில் இது ஒரு வரிதான். ஆனால் கிளந்தான் பேச்சில் சொல்லின் கடைசி ஸகரம் ஹகரமாகத் தேய்கிறது, ‘பெலாஸ்’ ‘பெலாஹ்’ ஆகிவிடுகிறது. ‘ஆன்’ என்று முடிகிற சொற்களும் மூக்கில் சுருங்கி ‘ஏ’ ஆகின்றன. சாப்பிடுவது ‘மாக்கான்’, அங்கே ‘மாக்கே’. மீன் ‘ஈக்கான்’, அங்கே ‘ஈக்கே’. என்ன என்பதற்கு ‘ஆப்பா’ படித்திருந்தேன், அங்கே ‘காப்போ’. ரிங்கிட்டைக்கூட ‘ரியால்’ என்கிறார்கள். சென்னைத் தமிழைப் புத்தகத்தில் படித்தவர் நாகர்கோவிலில் இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. கிழக்குக் கரைக்குப் போவதாக இருந்தால், யூடியூபில் கிளந்தான்காரர்கள் பேசுவதை ஒரு வாரம் கேட்டுவிட்டுப் போங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. காது பழகிவிடும். விலை கேட்கும்போது மட்டும் காதை நம்பாதீர்கள். கைபேசியின் கணக்கீட்டுப் பலகையை அவர்கள் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் அடிக்காதீர்கள். நான் அடித்ததால்தான் அறுபது வந்தது. துணி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: ‘செஹெலாய்’ என்றால் ஒரு துணி, ‘செகோடி’ என்றால் இருபது துணி. மொத்த வியாபாரத்தில் கோடி என்று காதில் விழுந்தால் மயங்கி விழ வேண்டாம்.

மறுநாள் கெரேத்தா. பாத்திக் வேலை நடக்கிற கம்போங் பெனாம்பாங்குக்கு எப்படிப் போவது என்று தங்குமிடத்து அம்மாளிடம் கேட்டேன். “கெரேத்தா சேவா” என்றார். என் பாடத்தில் ‘கெரேத்தா’ என்றால் ரயில். ‘சேவா’ என்பது நம் சேவையாகத்தான் இருக்க வேண்டும். ரயில் சேவை! எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். ரயில் நிலையம் எங்கே என்று வரைபடத்தில் தேடினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வக்காஃப் பாரு என்று காட்டியது. கார் பிடித்துப் போனேன், 16 ரிங்கிட். நிலையத்தில் ஈ காக்கை இல்லை, அடுத்த ரயிலுக்கு வெகுநேரம். டிக்கெட் கொடுப்பவரிடம் பெனாம்பாங் என்றால், அவர் நான் வந்த திசையையே காட்டுகிறார். ஒன்றரை மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, பிறகு 18 ரிங்கிட் கொடுத்துத் திரும்பினேன். ‘கெரேத்தா’ மலேசியாவில் கார், ‘சேவா’ என்றால் வாடகை. ரயிலுக்கு ‘கெரேத்தா ஆப்பி’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும், ‘ஆப்பி’ என்றால் நெருப்பு. பெனாம்பாங்கோ நான் தங்கியிருந்த பக்கத்திலேயே, கடற்கரைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. அன்று வெயிலில் வந்த எரிச்சலில், யார் மீது கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சைவக்காரர்களுக்கு இது உதவும். நான் சைவம். “சாயா தாக் மாக்கான் டாகிங்” என்ற வாக்கியத்தை ஊரிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று பொருள், அகராதிப்படி சரிதான். ஆனால் சாப்பாட்டுக் கடையில் ‘டாகிங்’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கோழி அவர்கள் கணக்கில் தனி, மீன் தனி. கிளந்தானில் நாசி கெராபு என்று ஒரு சாப்பாடு. நம் சங்குப்பூவின் சாறு ஊற்றி வடித்த நீலச் சோறு, அதன் மேல் பொடியாக நறுக்கிய பச்சிலைகள், முளைவிட்ட பயறு. பார்த்ததும் இதைவிடச் சைவம் உலகத்தில் உண்டா என்று தோன்றும். என் வாக்கியத்தைச் சொன்னேன். அம்மாள் தலையாட்டிவிட்டு, மாட்டிறைச்சியைத் தவிர்த்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான், தேங்காய்த் துருவல் என்று நான் நினைத்தது மீன் தூள் என்று நாக்குச் சொன்னது. மேலே ஊற்றியிருந்தது ‘பூடு’, நெத்திலியை உப்பிலிட்டு எடுக்கிற சாறு. ஓரமாக இருந்த அப்பளமும் மீன் அப்பளம். வாய் கொப்பளித்துவிட்டு அன்று இரவு வாழைப்பழத்தோடு படுத்துவிட்டேன். ஆகவே வாக்கியத்தை நீட்டிச் சொல்லுங்கள்: தாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், பெலாச்சான். இறைச்சி, கோழி, மீன், இறால், இறால் விழுது என்று ஒவ்வொன்றாக. முட்டையும் வேண்டாம் என்றால் ‘தெலுர்’ சேர்க்க வேண்டும், கறுக்முறுக்கென்று எங்கும் தூவுகிற ‘ஈக்கான் பிலிஸ்’ என்ற நெத்திலியையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். எனக்குக் கடைசி வரை கைகொடுத்தது ‘ரோத்தி கோசோங்’, அதாவது உள்ளே எதுவும் வைக்காத பரோட்டா. ‘கோசோங்’ என்றால் வெறுமை. தேநீரில் சொன்னால் சர்க்கரை இல்லாமல் வரும், தொலைபேசி எண்ணில் சொன்னால் பூஜ்யம். வெறும் ‘தே’ என்று கேட்டால் கெட்டிப்பால் ஊற்றி இனிப்பாக வரும், ‘தே ஓ’ என்றால் பால் இருக்காது.

இனி அந்த டிக்கெட். புதன்கிழமை மாலை, வக்காஃப் பாரு அலைச்சல் முடிந்த கையோடு பஸ் நிலையத்துக்குப் போனேன். சனிக்கிழமை மாலை கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் சனி விடியற்காலை போய்ச் சேர்ந்துவிடலாம். கவுண்ட்டரில் நான் மிகத் தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாக, “மாலாம் ஜுமாஆட்” என்றேன். மாலாம் இரவு, ஜுமாஆட் வெள்ளி. வெள்ளி இரவு. அந்த இளைஞர், “மாலாம் ஜுமாஆட்? ஏசோக் மாலாம்?” என்று திரும்பக் கேட்டார். ‘ஏசோக்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அவர் சொன்ன மூன்று சொல்லில் இரண்டைப் புரிந்துகொண்ட பெருமிதத்தில், “யா, யா” என்று தலையாட்டினேன். 45 ரிங்கிட். டிக்கெட்டில் மணியையும் இருக்கை எண்ணையும் பார்த்தேன், இரவு ஒன்பது, ஜன்னலோரம். மடித்துக் கைப்பையில் வைத்தேன். தேதிக்குப் பக்கத்தில் ‘காமிஸ்’ என்று போட்டிருந்ததைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அது வியாழன் என்று தெரிந்திருக்காது.

மலாய்க்காரர்களுக்கு ‘மாலாம் ஜுமாஆட்’ என்பது வெள்ளிக்கிழமைக்கு முந்தின இரவு, நம் கணக்கில் வியாழன் இரவு. இஸ்லாமிய முறைப்படி நாள் என்பது பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிடுகிறது. வியாழன் சூரியன் மறைந்தால் வெள்ளி பிறந்துவிட்டது. நம் பஞ்சாங்கத்துக்கோ நாள் சூரிய உதயத்தில். இரண்டு கணக்கிலும் தவறில்லை, நடுவில் சிக்கியவள் நான். ‘மாலாம் சப்து’, சனி இரவு என்று கேட்டிருந்தால்தான் எனக்கு வேண்டிய வெள்ளி இரவு கிடைத்திருக்கும். கிழமைப் பெயர்களை அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் இதில் மாட்டுவார்கள், ஒன்றுமே தெரியாதவர் நாட்காட்டியில் விரலை வைத்துக் காட்டியிருப்பார். அந்த இளைஞர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. “நாளை இரவா?” என்று அவர் கேட்டார். தலையாட்டியது நான்.

வியாழன் முழுக்கப் பெனாம்பாங்கில் இருந்தேன், பயணத்திலேயே நல்ல நாள் அதுதான். வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ‘சாந்திங்’ என்கிற சிறு செம்புக் கிண்ணத்தில் உருகிய மெழுகை மொண்டு, அதன் மெல்லிய மூக்கு வழியாக ஒரு பெண் பூவிதழ் வரைந்துகொண்டிருந்தாள். கை ஓர் இடத்தில் நின்றால் மெழுகு பரவிப் பொட்டாகிவிடும், வேகமாகப் போனால் கோடு அறுந்துவிடும், அறுந்த இடத்தில் சாயம் உள்ளே புகுந்துவிடும். எங்கள் சுங்குடியில் முடிச்சு தளர்ந்தால் நேர்கிற அதே கதி. பக்கத்து அடுப்பில் மெழுகுச் சட்டி இருந்தது. அதன் விளிம்பில் உறைந்திருந்ததைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். அந்தப் பெண் “பானாஹ்! பானாஹ்!” என்று கத்தினாள். ஆசீர்வாதம் போலக் காதில் விழுந்ததே தவிர எச்சரிக்கையாக விழவில்லை. ஆள்காட்டி விரல் நுனி வெந்துவிட்டது. சூடு என்பதற்கு மலாயில் ‘பானாஸ்’, கிளந்தானில் ‘பானாஹ்’. ‘சூடாக இருக்கிறதா’ என்று கேட்கப் படித்திருந்தேன், யாராவது என்னைப் பார்த்து ‘சூடு’ என்று கத்தினால் என்ன செய்வது என்று படிக்கவில்லை. அன்று இரவு ஒன்பது மணிக்கு என் பஸ், ஜன்னலோர இருக்கை காலியாக, கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. அந்த நேரத்தில் நான் அறையில் விரலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டு, நாளைக்கு வாங்க வேண்டிய துணிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளி கிளந்தானில் வார விடுமுறை, அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. தொழுகை நேரத்தில் கடைகள் மூடிக் கிடந்தன, நினைத்த துணியில் பாதியை வாங்க முடியவில்லை. இரவு எட்டே காலுக்கு இரண்டு பையோடு பஸ் நிலையம் போய், முதல் ஆளாக ஏறப்போனேன். டிக்கெட்டைப் பார்த்த பஸ்காரர், “இனி செமாலாம் பூஞா” என்றார். ‘மாலாம்’ இரவு, முன்னால் ‘செ’ வந்தால் ஒன்று என்று இலக்கணம் படித்தவள் நான். ‘ஒரு இரவு’. ஆமாம், ஒரு இரவுப் பயணம்தானே! “யா, செமாலாம்” என்று சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தேன். அவர் கையை நீட்டி மறித்து, மறுபடியும் சொன்னார். நானும் மறுபடியும் சிரித்தேன். மூன்றாம் முறை அவர் குரல் உயர்ந்தது. பின்னால் வரிசையில் நின்ற மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் மெதுவாக, “ஆன்ட்டி, இது நேற்றைய டிக்கெட்” என்றாள். ‘செமாலாம்’ என்றால் நேற்று.

காதில் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண் என்னை ஒவ்வொரு கவுண்ட்டராக அழைத்துப் போனாள். பள்ளி விடுமுறைக் கூட்டம். ஒரு கவுண்ட்டரில் ‘பெனோ’ என்றார்கள், நிரம்பிவிட்டது. இன்னொன்றில் ‘ஹாபிஹ்’, தீர்ந்துவிட்டது. அந்த இரண்டு சொல்லையும் நான் இனி எந்த ஜென்மத்திலும் மறக்கப் போவதில்லை. அவளுக்கும் பஸ் புறப்பட வேண்டியிருந்தது, போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு ஒரு தூணோரம் பைகளின் மேல் உட்கார்ந்து அழுதேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் பஸ் நிலையத்தில் அழுவேன் என்று நினைக்கவில்லை. பணத்தைவிட, மூன்று முறை சிரித்துக்கொண்டு “யா, யா” என்று நின்றேனே, அதுதான் நெஞ்சை அறுத்தது. அழுது முடித்து, கைபேசியில் மறுநாள் காலை விமானம் தேடினேன், 289 ரிங்கிட். அன்று இரவுக்கு அறை 90. விமான நிலையத்துக்குக் கார் 22. ரயில் நிலையம் போய் வந்த கார் 34, வீணான டிக்கெட் 45. கூட்டிப் பாருங்கள், 480 சரியாக வரும்.

அந்த இரவு தூக்கம் வராமல், செயலியைத் திறக்காமல், ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். நாற்பது நாளாக நான் கேள்விகளைத்தான் படித்திருக்கிறேன். அழகாகக் கேள்வி கேட்டால், இவளுக்கு மலாய் தெரியும் என்று எதிரில் இருப்பவர் வேகமாகப் பதில் சொல்கிறார். பதில்களை நான் படிக்கவே இல்லை. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே என்னென்ன பதில் வரலாம் என்று எழுதினேன். ‘டி மானா’, பேச்சில் ‘காட் மானா’, எங்கே என்று கேட்டால், வரக்கூடியவை: கீரி இடது, கானான் வலது, தெருஸ் நேரே, டெப்பான் முன்னால், பெலாக்காங் பின்னால், பூசிங் திரும்பு. ‘ஆடா’, இருக்கிறதா என்று கேட்டால்: ஆடா, தாக் ஆடா, ஹாபிஸ் தீர்ந்தது, பெலூம் இன்னும் இல்லை. எப்போது என்று கேட்டால்: செக்காராங் இப்போது, நந்தி பிறகு, ஏசோக் நாளை, லூசா நாளை மறுநாள், செமாலாம் நேற்று. மணி கேட்டால் பூக்குல் என்று தொடங்கும், ‘செத்தெங்கா’ என்று முடிந்தால் அரை. கடைக் கதவில் ‘தூத்துப்’ இருந்தால் மூடியிருக்கிறது, ‘தாரிக்’ இழு, ‘தோலாக்’ தள்ளு. எழுத்தில் ஆங்கில ‘சி’யைப் பார்த்தால் எப்போதும் சகரம், ககரம் இல்லை. வினைச்சொல்லுக்குக் காலம், பால், எண் எதுவும் மாறாது, அந்த மட்டும் மலாய் நம்மைப் பிழைக்க விடுகிறது. வயதில் மூத்த பெண்ணை ‘காக்’, ஆணை ‘ஆபாங்’, அம்மா வயதுக்காரரை ‘மாக் சிக்’ என்று அழைத்தால் முகம் மலரும், நம் அக்கா, அண்ணன், அத்தை வழக்கம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் இரண்டு வாக்கியம் எழுதினேன். ‘தாக் ஃபாஹாம்’, புரியவில்லை. ‘தோலோங் தூலிஸ்’, தயவுசெய்து எழுதிக் கொடுங்கள். நாற்பது நாளில் இந்த இரண்டையும் நான் ஒரு முறைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. பாடத்தில் பத்தாவதோ பதினோராவதோ பக்கத்தில் வந்தது, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

காலை ஆறரை மணிக்கு விமான நிலையத்தில் ஒரு சிறு கடை. “தே ஓ கோசோங்” என்றேன். கல்லாவில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமல், “பானாஹ்?” என்று கேட்டார். நான் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தேன்.

“பானாஹ், மாக் சிக்” என்றேன்.